புதைகாட்டு வளைவில் தட்டிய எஞ்சின்

எங்கள் தோட்டம் ஒரு சட்டிக்குள் கிடந்தது. அரநாயக்கப் பக்கத்து மலைகள் சுற்றிலும் நிற்க, அடியில் தொழிலாளர் தங்கும் லயங்கள், ரப்பர் ஸ்டோர், அவர்களை மேற்பார்க்கும் பெரிய கங்காணியின் ஓட்டு வீடு. மாவனல்லைக்குப் போவதானாலும் கேகாலைக்குப் போவதானாலும் முதலில் ஏற வேண்டும். அந்த ஏற்றத்தின் பாதியில் பாதை முழங்கையை மடக்கியதுபோல் திரும்பும். திரும்புகிற இடத்தில்தான் தோட்டத்துப் புதைகாடு. பாதை போட்ட வெள்ளைக்காரத் துரைக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா என்று பல தடவை திட்டியிருக்கிறேன். செத்தவர்களுக்கு எந்த வளைவும் ஒன்றுதான். வண்டி ஓட்டுகிறவனுக்கு அப்படியில்லை.

நான் பெரிய கங்காணியின் டிரைவர். துரை புதுக் கார் வாங்கியபோது பழையதைப் பெரிய கங்காணி வாங்கிக்கொண்டார். நாலு சிலிண்டர், துணிக்கூரை, பித்தளை விளக்குகள். முன் இருக்கையின் முதுகு முழுக்கப் பலகை. பின்னால் இருப்பவர்கள் டிரைவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் அந்தப் பலகையில் தட்டுவார்கள். அது துரைமார் பழக்கம். வாயைத் திறந்து கூப்பிட்டால் மரியாதை குறைந்துவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ. எஞ்சினுக்குள் எண்ணெய் ஓடுகிறதா என்று காட்டும் முள் ஒன்றும் இருந்தது. அது துரையின் காலத்திலேயே செத்துப்போயிருந்தது.

ஸ்டியரிங் சக்கரத்துக்குக் கீழே இரண்டு சின்னக் கைப்பிடிகள். ஒன்று பெட்ரோலுக்கு. மற்றது பெட்ரோலைப் பற்றவைக்கும் தீப்பொறியை முந்தவைக்கவும் பிந்தவைக்கவும். சிலிண்டருக்குள் பொறி சரியான நேரத்தில் விழுந்தால் எஞ்சின் வாய் திறக்காமல் வேலை செய்யும். முந்தி விழுந்தால், மேலே ஏறிவரும் பிஸ்டனின் மண்டையில் அடி விழும். சுத்தியலால் தட்டியதுபோல் சத்தம் வரும். பாரத்தோடு ஏற்றம் ஏறும்போது அந்தக் கைப்பிடியைப் பின்னால் இழுக்கத் தெரியாதவனை நாங்கள் டிரைவர் என்று சொல்வதில்லை.

அந்தக் காரில் ஒருத்தி செத்தாள். எங்கள் லயத்தில் ஒரு சுவர் தள்ளி அடுத்த காம்பராவில் இருந்தவள், ரப்பர் பால் வெட்டுகிறவள். பிரசவத்தில் பிள்ளை குறுக்கே நின்றுவிட்டது. பெரிய கங்காணி மனசு வைத்துக் காரைக் கொடுத்தார். என் மனைவி பின் இருக்கையில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நல்ல பகல், மழைக்கு முந்திய புழுக்கம். வலியில் அவளால் பேச முடியவில்லை. பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட கையால் என் முதுகுக்குப் பின்னாலிருந்த பலகையைத் தட்டிக்கொண்டே வந்தாள். டொக், டொக். வேகமாகப் போ என்கிறாளா, நிறுத்து என்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. ஏற்றத்தில் திரும்பிப் பார்க்கவும் முடியாது. புதைகாட்டு வளைவில் தட்டல் நின்றது.

கொஞ்சத் தூரம் போன பிறகு என் மனைவி சொன்னாள்: "இனிமே மெதுவாப் போங்க. அவசரம் ஒண்ணுமில்ல."

அப்போது என் மனைவியும் மாசமாக இருந்தாள். எங்கள் முதல் பிள்ளையை லயத்துக் காம்பராவிலேயே வைத்துப் பிரசவம் பார்த்துப் பறிகொடுத்திருந்தோம். அடுத்ததைக் கேகாலை ஆஸ்பத்திரியில்தான் பெற வேண்டும், இல்லாவிட்டால் தாயையும் சேர்த்துப் பறிகொடுப்பாய் என்று தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். கேகாலைக்குப் போக மாட்டு வண்டி உதவாது. தோட்டத்தில் எனக்குக் கை எட்டும் கார் அந்த ஒன்றுதான். அவளும் அதே பின் இருக்கையில், அதே ஏற்றத்தில், அதே வளைவைத் தாண்டித்தான் போக வேண்டும்.

தீட்டுப்பட்ட காருக்குப் பூசை போடாமல் ஏறமாட்டேன் என்றார் பெரிய கங்காணி. எங்கள் தோட்டத்துப் பேச்சில் சக்கரத்தை ரோதை என்போம். ஸ்டோரில் ரப்பர் ஷீட் அழுத்தும் ரோலர்களைச் சுற்றுகிற பெரிய ரோதையில் ரோதை முனி குடியிருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வருஷத்துக்கு ஒரு தடவை சேவலும் சாராயமும் சுருட்டும் கொடுக்காவிட்டால் யாருடைய கையாவது ரோலருக்குள் போகும். வேண்டுதல் உள்ளவர்கள் மஞ்சள் துணியில் காசை முடிந்து, ரோதைக்குப் பக்கத்தில் நட்டிருக்கும் சூலத்தில் கட்டுவார்கள். அந்த முனியைத்தான் பூசாரி காருக்கும் அழைத்தார். நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, டயரில் சேவல் ரத்தம் தெளித்து, "இனிமே இதுக்குள்ளயும் அவருதான்" என்றார். எனக்கு முனியிலும் நம்பிக்கை உண்டு, ஸ்பானரிலும் நம்பிக்கை உண்டு. ஒரே நாளில் இரண்டையும் தொடமாட்டேன், அவ்வளவுதான்.

பூசைக்கு முதல் நாள் நான் எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"இது நேரா வயித்துக்குள்ள போகுதுங்களா?"

"ஆமா புள்ள. இதுதான் வாய். இங்க போட்டா அடிவயித்துக்குப் போயிரும்."

அவள் அந்த எண்ணெய் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். எஞ்சினைப் பற்றி யாராவது கேட்டால் எனக்குப் பெருமை தாங்காது. இன்னும் நாலு விஷயம் விளக்கிவிட்டுத்தான் அவளை விட்டேன்.

பூசை முடிந்து சில நாளில் தட்டல் ஆரம்பித்தது. பெரிய கங்காணியை ஏற்றிக்கொண்டு மாவனல்லைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ரப்பர் காய் வெடிக்கும் காலம். வெயில் ஏறினால் காய்கள் மரத்திலேயே டப்பென்று வெடித்து, விதைகள் தெறித்துத் துணிக்கூரையில் விழும். முதலில் அதுதான் என்று இருந்தேன். புதைகாட்டு வளைவில் கார் திணறித் திரும்பும்போது மறுபடியும் கேட்டது. டொக், டொக், டொக். கனமான, அவசரமில்லாத தட்டல். வளைவு தாண்டிக் கணவாய்க்கு வந்து பாதை சமமானதும் நின்றுவிட்டது.

பின்னாலிருந்த பெரிய கங்காணி பலகையில் வைத்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நான் தட்டலடா" என்றார். அவரா என்று நான் கேட்டிருக்கவேயில்லை.

திரும்பி வரும்போது இறக்கம்; ஒரு சத்தமும் இல்லை. மறுநாள் ஏறும்போது அதே இடத்தில் அதே தட்டல். உண்மையைச் சொல்கிறேன், நான் முதலில் எஞ்சினைச் சந்தேகப்படவில்லை. பலகைக்குமேல் சாக்குத் துணியை நாலு மடிப்பாக வைத்து ஆணி அடித்தேன். அப்படியும் தட்டல் நிற்கவில்லை. அதற்குப் பிறகுதான் எஞ்சின் மூடியைத் திறந்தேன்.

பொறிதான் முந்துகிறது என்று கைப்பிடியைக் கடைசிவரை பின்னால் இழுத்து ஏறிப் பார்த்தேன். கார் இழுவை இல்லாமல் தவழ்ந்ததே தவிர, தட்டல் போகவில்லை. பெட்ரோலில் கலப்படமாக இருக்கலாம் என்று புது டின் உடைத்து, துணியில் வடிகட்டி ஊற்றினேன். பிறகு சிலிண்டர்களின் தலையைக் கழற்றினேன். உள்ளே விறகடுப்புப் பானை மாதிரி கரி பிடித்திருந்தது. கரி கனத்தாலும் எஞ்சின் தட்டும் என்பதால் எனக்குச் சந்தோஷம். ஒரு பகல் முழுக்கச் சுரண்டினேன். தட்டல் அப்படியே இருந்தது. ஷெட்டில் நிறுத்தி எவ்வளவு உறுமவிட்டாலும் ஒரு சத்தம் வராது. சமதரையில் வராது. இறக்கத்தில் வராது. ஏற்றத்தில், அதுவும் அந்த வளைவு வந்தால்தான் வரும். ஒரு இரும்புச் சாமான் ஒரு குறிப்பிட்ட இடத்தை ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கிறது என்றால் மனிதன் என்ன நினைப்பான்?

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நாள் போகப் போகத் தட்டல் வளைவுக்கு முன்னாலேயே ஆரம்பித்தது. முதலில் வளைவுக்குக் கீழே உள்ள போக்கடியில், தண்ணீர் பாதையைக் குறுக்கே கடக்கும் இடத்தில். அடுத்து அதற்கும் கீழே, பலாமரத்தடியில். பிறகு ஏற்றம் தொடங்கும் ஸ்டோர் மூலையிலேயே கேட்டது. லயத்துச் சனங்கள் பாதையோரம் நின்று காது கொடுத்தார்கள். தண்ணிப் பீலியடியில் குடம் நிறைத்த பெண்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

"அவ எறங்கி வாறா. ஒவ்வொரு வளைவா, ஒவ்வொரு மொடக்கா எறங்கி வாறா."

"லயத்துக்குத்தான் வாறா. அடுத்த காம்பராவுல ஒருத்தி மாசமா இருக்கால்ல."

நான் வாளியை நிறைத்துக்கொண்டு நடந்தேன்.

இந்தத் தட்டல் மனைவியின் காதுக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளத்தான் நான் நினைத்திருந்தேன். லயத்தில் எதை மறைக்க முடியும்? அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஆனால் பயம் இல்லை. எனக்கு விளங்காதது அதுதான். சாயங்காலம் நான் வந்ததும் வாசலில் நின்று கேட்பாள்.

"இன்னிக்கும் தட்டுச்சுங்களா?"

"தட்டுச்சு."

"நல்லாவா?"

"நல்லாத்தான்."

தலையை ஆட்டிவிட்டு, ஏதோ கடையில் சொன்ன சாமான் வந்து சேர்ந்ததுபோல் நிம்மதியாக உள்ளே போய்ச் சோறு போடுவாள். அன்று காரில் செத்தவளின் தலையை மடியில் வைத்திருந்தவள் இவள். அந்தத் தட்டலை என்னைவிடக் கிட்டத்தில் இருந்து கேட்டவள்.

ஒரு நாள் தூறல். பால் வெட்டு இல்லாததால் தோட்டமே அடங்கிக் கிடந்தது. நான் ஷெட்டுக்குப் போனபோது அவள் அங்கே நின்றாள். வயிற்றைச் சாய்த்து எஞ்சின் மூடியில் ஒட்டிக்கொண்டு, ஒரு கையை அதன்மேல் விரித்து வைத்திருந்தாள். உதடு அசைந்தது. பிறகு விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினாள். டொக், டொக். தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"என்ன செய்ற?" என்றேன்.

"சும்மாதாங்க" என்றாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் நடந்து போனாள்.

கட்டிய பெண்டாட்டியைப் பார்த்து நான் பயந்தது அன்றைக்குத்தான். செத்தவள் இவளுக்குள் ஏறிவிட்டாள் என்றே தோன்றியது. காம்பராவில் அவளுக்குப் பக்கத்தில் படுத்து, அவள் மூச்சு விடும் சத்தத்தை எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

பெரிய கங்காணியின் பொறுமையும் தீர்ந்தது. என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். "ரம்புக்கனையில ஒரு முதலாளி வாடகைக்கு விடக் கார் தேடுறாராம். மாசக் கடைசில வந்து பார்க்கட்டும். இத வித்துத் தொலைச்சிடுறேன்."

"ஐயா, என் சம்சாரத்துக்கு இந்த மாசந்தான். கேகாலைக்குக் கொண்டுபோகணும். அதுமட்டும் வச்சிருங்க ஐயா."

"அதுக்குத்தாண்டா சொல்றேன். அவளயும் அதே வண்டில ஏத்தப் போறியா?"

அவர் கெட்டவர் இல்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு, "சத்தம் நின்னா வச்சுக்கிறேன். நிக்காட்டிப் போகட்டும்" என்றார்.

மாவனல்லையில் லொறி திருத்தும் ஒருவர் இருந்தார், எல்லோருக்கும் நானா. முஸ்லிம் மனிதர், எண்ணெய்க் கறுப்பில் இடுப்பில் கட்டிய சாரத்தின் நிறமே தெரியாது. அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். செத்தவளைப் பற்றியும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"தம்பி, பேய்க்கு நாலு சிலிண்டரும் ஒண்டுதான். ஒரு சிலிண்டர்ல மட்டும் தட்டுதெண்டா அது பேயில்ல. முதல்ல அதப் பாப்பம்."

அன்று பகலே அவரைத் தோட்டத்துக்கு அழைத்துவந்து, காரைத் திருப்பி ஏற்றத்தில் விட்டோம். அவர் ஓட்டினார். நான் எஞ்சினின் பக்க மூடியைக் கழற்றிவிட்டு, முன் மட்கார்டில் உட்கார்ந்து ஒரு கையால் காரின் பித்தளை விளக்கைப் பிடித்துக்கொண்டேன். மறு கையில் மரப்பிடி போட்ட திருப்புளி. அதைப் பிளக்குக்கும் இரும்புக்கும் நடுவில் வைத்தால் அந்தச் சிலிண்டருக்குப் பொறி போகாது. எந்தச் சிலிண்டரைக் கொல்லும்போது தட்டல் அடங்குகிறதோ, நோய் அதில்தான். நாடி பார்க்கிற மாதிரிதான் இதுவும்.

ஸ்டோர் மூலையில் தட்டல் வந்து சேர்ந்தது. அவ்வளவு கிட்டத்தில் நான் அதைக் கேட்டதில்லை. இரும்பில் இரும்பு அடிக்கிற சத்தமாகவே இல்லை. மூடிய கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ முட்டியால் தட்டுவதுபோல் இருந்தது. முதல் பிளக்கை அடைத்தேன். கார் குலுங்கியது, தட்டல் போகவில்லை. பலாமரம் கடந்தது. இரண்டாவது. அதுவும் இல்லை. மேலிருந்து மூடுபனி இறங்கி மரங்களுக்குள் புகுந்துகொண்டிருந்தது. வளைவில் திரும்பினோம். புதைகாட்டின் மண்மேடுகள் எனக்கு நேர் எதிரே வந்தன. அவளுடைய மேட்டில் இன்னும் புல் முளைத்திருக்கவில்லை. மூன்றாவது பிளக்கில் திருப்புளியை வைத்தேன்.

தட்டல் நின்றது. அன்று நின்ற அதே இடத்தில், அன்று நின்ற மாதிரியே நின்றது.

திருப்புளியை எடுக்கவே மறந்து அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நானாவின் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது: "மூணு. கேட்டதா? மூணாவதுதான். எடுங்க கைய, வண்டி ஏறுதில்ல."

மாவனல்லையில் அவருடைய ஷெட்டில் காரைக் கட்டையில் ஏற்றி, இரண்டு பேரும் மல்லாந்து படுத்து எஞ்சினின் அடித்தொட்டியைக் கழற்றினோம். எண்ணெய் வடிந்தது. தொட்டியின் பின்பக்கத்தில் எண்ணெயை உறிஞ்சும் குழாய். அதன் வாயில் ஒரு கம்பிச் சல்லடை. சல்லடையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. நானா விரலால் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

"இது நேர்ச்சைக் காசு. நான் எடுக்கமாட்டேன். நீங்க எடுங்க."

கறுத்துப்போன ஒரு துணி முடிச்சு. பெட்ரோலில் அலசியதும் மஞ்சள் தெரிந்தது. ஓரத்தில் சிவப்புக் கோடு. என் மனைவியின் பழைய சேலைக் கரை அது. கிழிந்த மீதி காம்பராவில் விளக்குத் துடைக்கக் கிடந்தது. வேண்டுதல் முடிச்சை அவிழ்க்கக் கூடாது, அதனால் தடவிப் பார்த்தேன். உள்ளே ஒரு காசு. காசுக்குப் பக்கத்தில் கூர்மையாக ஏதோ ஒன்று. துணியைக் குத்திக்கொண்டு அதன் நுனி வெளியே நீட்டியிருந்தது. பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு.

நானா கையைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். சமதரையில் முடிச்சு தொட்டிக்குள் எங்காவது கிடக்கும். ஏற்றத்தில் எண்ணெய் பின்னால் சரிய, முடிச்சும் சரிந்துவந்து சல்லடையின் வாயை அடைத்துக்கொள்ளும். மூன்றாவதுக்கு எண்ணெய் கடைசியாகத்தான் போகும், அதனால் அதுதான் முதலில் காயும். காய்ந்து காய்ந்து, அடியில் சுழலும் கிராங் தண்டைப் பிடித்திருக்கும் அதன் ஈயப் பூச்சுத் தேய்ந்து, இடைவெளி விழுந்து தட்டுகிறது. தேய்மானம் கூடக் கூடத்தான் தட்டல் சீக்கிரமாகவே ஆரம்பித்திருக்கிறது. அவள் இறங்கி வரவில்லை.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் எஞ்சின் நடுவழியில் உடைந்து, என் மனைவியே அந்த வளைவில் வலியோடு கிடந்திருப்பாள். சூலத்தில் கட்ட வேண்டியதைக் கொண்டுபோய் எஞ்சினின் வயிற்றில் போட்டிருக்கிறாளே என்று பல்லைக் கடித்தேன். பிறகு, இதுதான் வாய் என்று பெருமையாகக் காட்டிக்கொடுத்தவன் நான்தான் என்பது ஞாபகம் வந்தது. அப்புறம் எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது. காருக்குச் சூலம் கிடையாது. முனி உள்ளே இருக்கிறார். தன் பிள்ளையை அவரிடம் கேட்டு உள்ளேயே போட்டிருக்கிறாள். போட்ட பிறகு உள்ளேயிருந்து தட்டல் வந்தது. ஊரெல்லாம் செத்தவள் தட்டுகிறாள் என்று நடுங்க, இவள் ஒருத்தி மட்டும் முனி பதில் சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அதனால்தான் அந்தச் சிரிப்பு. காருக்கடியில் மல்லாந்து கிடந்தபடியே நான் அழுதேன். எண்ணெய் கண்ணில் விழுந்துவிட்டதா என்று நானா கேட்டார். ஆமாம் என்றேன்.

"போட்டவங்களுக்குத் தெரியாம எடுத்திட்டீங்க. வீசிராதீங்க தம்பி" என்றார்.

மூன்றாவதின் ஈயத்தை விளக்குக் கரி பூசிப் பார்த்துச் சுரண்டி, இடையிலிருந்த மெல்லிய தகடுகளில் ஒன்றை எடுத்து இறுக்கினோம். முடிச்சை ஸ்டியரிங் தண்டில், கைப்பிடிகளுக்குக் கீழே யாருக்கும் தெரியாத இடத்தில் கட்டினேன். மறுநாள் பெரிய கங்காணியை ஏற்றிக்கொண்டு வளைவில் ஏறினேன். எஞ்சின் வாய் திறக்கவில்லை. கணவாயில் அவர் பெருமூச்சு விட்டு, ரம்புக்கனை முதலாளிக்கு வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். நான் பலகையிலிருந்த சாக்கைப் பிடுங்கி எறிந்தேன். லயத்துச் சனங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

சாயங்காலம் மனைவி வாசலில் நின்றாள்.

"இன்னிக்கும் தட்டுச்சுங்களா?"

நிறைமாத வயிற்றையும் அந்த முகத்தையும் பார்த்தேன். "தட்டுச்சு" என்றேன்.

அப்படியே நாள் ஓடியது. ஒரு நாள் காலை, பெரிய மழைக்கு நடுவில் வலி எடுத்தது. மருத்துவச்சி ஒருத்தியைத் துணைக்கு ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். துணிக்கூரையில் மழை விழுந்த சத்தத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பலாமரத்தைத் தாண்டியதும் மழை விட்டது. மழை விட்டதும், எஞ்சினின் மௌனம் கேட்டது. அவ்வளவு சுத்தமாக அது ஒருநாளும் ஓடியதில்லை. பின்னால் என் மனைவி முனகுவதை நிறுத்தினாள். காது கொடுக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"சத்தத்தக் காணலயே" என்றாள்.

நான் பெட்ரோலைக் கூட்டினேன்.

"ஏங்க, சத்தத்தக் காணல. அவரு இல்ல. போயிட்டாரு." குரல் உடைந்தது. "நிப்பாட்டுங்க. என்ன எறக்கி விட்ருங்க. அவ செத்த எடத்துல அவரு இல்லாம நான் போகமாட்டேன்."

கதவுப் பிடி திருகும் சத்தம் கேட்டது. மருத்துவச்சி, "ஐயோ, புடிங்க, எறங்கப் பாக்குறா" என்றாள். புதைகாட்டு வளைவு முன்னால் வந்துவிட்டது. நிறுத்தினால் அந்த ஈரச் சரிவில் மறுபடி ஏற்ற முடியாது. நிறுத்தாவிட்டால் அவள் விழுவாள். கை ஸ்டியரிங்குக்குக் கீழே போனது. முடிச்சு விரலில் பட்டது. அதற்கு மேலிருந்த கைப்பிடியை, எந்த டிரைவரும் ஏற்றத்தில் தள்ளாத திசையில், கடைசிவரை முன்னால் தள்ளினேன்.

எஞ்சின் தட்டத் தொடங்கியது. பழைய கனமான சத்தம் இல்லை, இது கிண், கிண் என்று கூர்மையாக இருந்தது. பிஸ்டன் மண்டையில் விழும் ஒவ்வொரு அடியும் என் பல்லில் விழுந்தது. இவ்வளவு நாள் ஓடி ஓடிக் கொன்ற சத்தத்தை நானே எழுப்பிக்கொண்டு அந்த மண்மேடுகளைக் கடந்தேன். பின்னால் கதவுப் பிடியின் சத்தம் நின்றது. மூச்சு சீரானது.

வளைவு முடியும் இடத்தில் என் முதுகுக்குப் பின்னால் பலகையில் கேட்டது. டொக், டொக்.

அன்றைக்குத் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றைக்கும் பார்க்காவிட்டால் என்று நினைத்ததும் கழுத்து தானாகவே திரும்பியது. என் மனைவி வேர்வை முகத்தோடு முன்னால் சாய்ந்து, முட்டியைப் பலகையில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதுங்க. கைய எடுங்க. வண்டி கெட்டுரும்" என்றாள்.

நான் கைப்பிடியைப் பின்னால் இழுத்தேன். எஞ்சின் அடங்கியது. கேகாலை ஆஸ்பத்திரி வாசலில்தான் காரை நிறுத்தினேன்.

பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் நன்றாகவே வந்து சேர்ந்தார்கள். முடிச்சை அவள் கையில் கொடுத்து, எங்கிருந்து எடுத்தேன் என்பதையும் சொன்னேன். வளையல் துண்டைப் பற்றிக் கேட்டேன். அன்று இருக்கையில் உடைந்து கிடந்ததாம். "எனக்குக் கேட்டேன். அவளயும் பாத்துக்கச் சொன்னேன். பாவம், அந்த மேட்டுல தனியாக் கெடக்குறாளே" என்றாள்.

"நான்தான் தட்ட வச்சேன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"உங்க தோளு அசையறது எனக்குத் தெரியாதா? முனி உங்க கையில வந்துட்டாருன்னு நெனச்சுக்கிட்டேன்."

முடிச்சை எடுத்துப்போய் ஸ்டோரில் சூலத்தில் கட்டினோம், சேவலும் கொடுத்தோம்.

அந்தக் காரை அதற்குப் பிறகும் பல வருஷம் ஓட்டினேன். மூன்றாவது சிலிண்டர் ஒரு தொந்தரவும் தரவில்லை. ஆனால் தனியாக ஏறும்போது, புதைகாட்டு வளைவில் கைப்பிடியைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, இரண்டு தட்டு தட்டவிட்டுத்தான் இழுப்பேன். அன்று செத்துப்போனவள் அவ்வளவு தட்டியும் நான் திரும்பிப் பார்க்கவில்லையே. ஒரு தடவை மலைக்கு வந்த நானா அதைக் கேட்டுவிட்டு, பிஸ்டன் கெட்டுவிடும் என்று ஏசினார். பெட்ரோல் சரியில்லை என்றேன்.